ஞாயிறு மட்டும் வரும் உரிமையாளரின் குளக்கட்டு

கொழும்பில் வேலை. ஹொரணைப் பக்கம் இரண்டு ஏக்கர் காணி. ஓடையை மறித்து மண்கட்டு போட்டு, மீன்பிடிக்கவும் நீந்தவும் ஒரு குளம். அரை ஏக்கரில் சராசரி 2 மீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றாலே சுமார் 4,000 தொன். 1986 ஏப்ரல் 20 அன்று திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது விடியுமுன்தான். உங்கள் குளம் நிரம்பும் இரவில் நீங்கள் வெள்ளவத்தையில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே, கதவு திறக்க ஆள் தேவைப்படாத வான், அதாவது மிகை நீர் தானாக வழிந்தோடும் வழிதான் முதல் வேலை.

வானைக் கட்டின் மேல் வெட்டாமல், ஓரத்தில் கிளறாத நிலத்தில் வெட்டுங்கள். கட்டின் உச்சி அதைவிட ஒரு மீற்றராவது உயர்ந்திருக்க வேண்டும். மீன் ஓடிவிடுமென்று வானுக்குக் குறுக்கே வலை கட்டுவார்கள். றப்பர் இலை ஒரே மழையில் அதை அடைத்துவிடும். தண்ணீர் கட்டுக்கு மேலால் வழிந்து, வெளிச்சரிவை அடியிலிருந்து அரித்துக்கொண்டே மேலேறும். மீன் போனால் போகட்டும்.

உச்சி 3 மீற்றர் அகலம், உட்சரிவு 1க்கு 3 (உயரம் 1, கிடை அகலம் 3), வெளிச்சரிவு 1க்கு 2.5 இருந்தால் நல்லது. உச்சியில் தாழ்ந்த இடத்தைக் கொத்திவிட்டு, களிமண்ணை 15 சென்ரிமீற்றர் படைகளாக இடித்து நிரப்புங்கள். கட்டில் புல் மட்டும்தான். மரம் செத்தால் உக்கிய வேரே நீர்க்குழாயாகும்.

அதிகம் ஏமாற்றுவது மதகுக் குழாய். அது வெளிவரும் இடத்தில், குழாயைச் சுற்றிக் கசியும் நீரைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துக் கால் மணி நேரம் வையுங்கள். தெளிவாக, ஒரே அளவில் கசிந்தால் கவனித்து வரலாம். அடியில் மண் படிந்தால் கட்டு உள்ளே அரிபடுகிறது. சீமெந்தால் அடைக்காதீர்கள், அழுத்தம் வேறிடம் தேடும். பருமணல் போட்டு, மேலே சல்லி போட்டு, நீர் மட்டும் வெளியேற விடுங்கள். பொறியியலாளரை அழையுங்கள். குளத்தை நாளுக்கு 30 சென்ரிமீற்றர் வீதம் இறக்குங்கள். அவசரமாக வடித்தால் ஈர உட்சரிவு சரியும். கசிவு கூடிக்கொண்டே போனால் அந்தக் கணக்கை விட்டுவிட்டு, கீழே குடியிருப்போரை எழுப்பி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்குச் சொல்லுங்கள்.

இப்படிக் குளமுள்ள காணியை வாங்குபவரானால், உறுதி எழுதுமுன் நில அளவையாளருடன் நடந்து பாருங்கள்: கட்டின் அடியும் வான் வாய்க்காலும் முழுக்க உங்கள் எல்லைக்குள்ளா? அடி அயலவர் வளவில் இருந்தால், திருத்தப் போகவே அவர் சம்மதம் வேண்டும். அதை நொத்தாரிசு மூலம் எழுதி வாங்குங்கள். வயலுக்குப் பாயும் பழைய குளமென்றால், கை வைக்குமுன் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள்.