மிளகாய் நறுக்கிய கையில் காந்தல்: வராமல் தடுப்பதும் வந்தபின் தணிப்பதும்

ஊறுகாய்க்காக இரண்டு கிலோ பச்சை மிளகாயை வெறுங்கையால் கீறி விதை நீக்கிய அன்று, வேலை முடிந்து நெடுநேரம் வரை எனக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு விரல் நுனிகளில் தொடங்கிய காந்தல் இரவு முழுவதும் தூங்கவிடவில்லை. அதன்பின் நான் கடைப்பிடித்துவரும் முறையை இங்கே எழுதுகிறேன்.

காரத்துக்குக் காரணமான கேப்சைசின் என்னும் பொருள் நீரில் எளிதில் கரையாது. எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும். நம் நரம்பு முனைகளில், சுமார் 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை உணர்த்தும் ஏற்பி ஒன்று உள்ளது. அதை 1997இல் அடையாளம் கண்ட குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ், 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கேப்சைசின் அதே ஏற்பியைத் தூண்டுவதால்தான், தோல் உண்மையில் வேகாதபோதும் வெந்துபோனதுபோல் எரிகிறது. சுடுநீர் பட்டால் எரிச்சல் கூடுவதற்கும் இதுவே காரணம்.

முதலில் தடுப்பு. நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரால் ஆன கையுறைகளையே நான் பரிந்துரைப்பேன். அவை எண்ணெய்ப் பொருள்களை இயற்கை ரப்பரான லேடெக்ஸைவிட நன்றாகத் தாங்குகின்றன. தொளதொளவென்று கிடக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறைகள் கத்தி பட்டதும் கிழிந்துவிடுவதால் அவற்றை நான் வாங்குவதே இல்லை. மிளகாயின் காரம் விதையில் இருப்பதாகப் பலர் எண்ணினாலும், விதைகளைத் தாங்கி நிற்கும் வெளிர்நிறச் சவ்வில்தான் அது மிகுதி. ஆகவே அந்தப் பகுதியைக் கையால் பிய்க்காமல் சிறு கரண்டியால் வழித்தெடுங்கள். கையுறையைக் கழற்றும்போது மணிக்கட்டுப் பக்கம் பிடித்து, உட்புறம் வெளியே வருமாறு உரித்தெடுங்கள். கத்தி, பலகை, குழாய்த் திருகு ஆகியவற்றையும் சோப்பிட்டுக் கழுவிவிட வேண்டும்.

இனி, கை ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால் செய்ய வேண்டியது. நான் தடுமாறிய இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். எண்ணெய் தடவினால் எரிச்சல் போகும் என்று கேள்விப்பட்டிருந்த நான், கை முழுவதும் தடவிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதுவரை விரல் நுனியில் மட்டும் இருந்த காந்தல் புறங்கைக்கும் பரவியது. எண்ணெய் கேப்சைசினைக் கரைத்துத் தோலிலிருந்து பெயர்க்கிறதே தவிர அழிப்பதில்லை. கரைந்த எண்ணெயை உடனே அகற்றாவிட்டால் அது போன இடமெல்லாம் எரியும். எனவே, எரியும் இடத்தில் மட்டும் ஏதேனும் ஒரு சமையல் எண்ணெயைச் சில துளிகள் விட்டு, நகக்கண்களையும் சேர்த்து ஒரு நிமிடம் தேய்த்து, காகிதத்தாலோ பழந்துணியாலோ ஒற்றியெடுங்கள். நீர் படாத கையிலேயே பாத்திரம் கழுவும் திரவத்தை விட்டு நன்றாகத் தேய்த்தபின் குளிர்ந்த நீரில் அலசுங்கள். இந்தச் சுற்றை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். எண்ணெய் பிடிக்காதவர்கள் கை துடைக்கும் ஆல்கஹாலைப் பயன்படுத்தலாம். ஆனால் கீறல் உள்ள தோலில் அது வேறு விதமாக எரியும்.

அதன்பிறகும் எஞ்சும் காந்தலுக்குக் குளிர்ந்த பாலிலோ தயிரிலோ கையை வைத்திருப்பது இதமாக இருக்கும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுக்கலாம். நேரடியாக வைக்கக் கூடாது. துணி வெளுக்கும் பிளீச்சிங் கரைசல் தோலையே புண்ணாக்கும் என்பதால் அதை நாட வேண்டாம். எரிச்சல் முழுவதும் அடங்கச் சில மணி நேரம் ஆகலாம். கொப்புளம் கண்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த சிலர் கண்ணைப் பற்றிக் கேட்டதால் இதையும் சேர்க்கிறேன். கண்ணில் பட்டுவிட்டால் எண்ணெயோ பாலோ விடாதீர்கள். முதலில் கையைச் சோப்பிட்டுக் கழுவி, கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு, சுத்தமான நீரால் 15 நிமிடம் கண்ணை அலசுங்கள். வலியோ மங்கலோ நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அந்த லென்ஸை மறுபடி அணிய வேண்டாம். லென்ஸ் அணிபவர்கள் மிளகாய் நறுக்கும் நாளில் கண்ணாடி அணிவதே மேல், ஏனெனில் பலமுறை கழுவிய பின்னும் நகத்தடியில் தங்கும் காரம் அன்றிரவு லென்ஸைக் கழற்றும்போதுதான் தன்னைக் காட்டும்.