வார்ம் வைட்டா, கூல் வைட்டா? தீபாவளி லைட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை கொஞ்சம் விட்டதும் இலங்கை மலையகத்தில் எங்கள் ஹட்டன் டவுனில் கடைவாசல் எல்லாம் லைட் மாலைகள் தொங்க ஆரம்பித்துவிடும். தீபாவளி அட்வான்ஸ் வந்த கையோடு உடுப்பு, பலகாரச் சாமான், அப்புறம் ஒரு பெட்டி லைட். பெட்டியைத் தொட்டதும் கடைக்காரர் கேட்பார்: "வார்ம் வைட்டா, கூல் வைட்டா?" அந்த இடத்தில் அரை நிமிடத்தில் எடுக்கிற முடிவோடு பிறகு பல வருடங்கள் இருக்க வேண்டியிருக்கிறது. எல்இடி மாலை லேசில் பழுதாவதில்லை.

கடை வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்வதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. கடைக்குள் தலைக்கு மேலே பளிச்சென்று டியூப் லைட் எரியும். எந்த வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நிற்கிறோமோ அதையே வெள்ளை என்று நம் கண் பழகிக்கொள்ளும். அப்படிப் பழகிய கண்ணுக்கு வார்ம் வைட் அழுக்கு மஞ்சளாகத்தான் தெரியும். "என்னண்ணே, பழைய பல்ப் மாதிரி இருக்கே" என்று ஒதுக்கிவிட்டு கூல் வைட்டை வாங்கி வருகிறோம். இரவு ஏழு மணிக்கு வேறு வெளிச்சம் இல்லாத இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) அதைக் கட்டிப் போட்டால் ஆஸ்பத்திரி வார்டு போல ஆகிவிடுகிறது. அதனால் கடையிலேயே மாலையை மேசைக்கு அடியில், நிழலில் எரியவிடச் சொல்லுங்கள். அதன் பக்கத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். தோல் உயிரோட்டமாகத் தெரிகிறதா, வெளுத்துப்போய்த் தெரிகிறதா? பண்டிகை அன்றைக்கு உங்கள் பிள்ளைகளின் முகமும் அப்படித்தான் தெரியும்.

பெட்டியில் எழுதியிருக்கும் பெயரை மட்டும் நம்புவது இன்னொரு தவறு. வார்ம் என்றால் சூடாகும், கூல் என்றால் சூடாகாது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு பெயரும் நிறத்தைத்தான் சொல்கின்றன. பார்க்க வேண்டியது கெல்வின் எண்ணை, அதாவது வெளிச்சத்தின் நிறத்தை வெப்பநிலைக் கணக்கில் சொல்லும் எண்ணை. 2700 முதல் 3000 வரை என்றால் பழைய குண்டு பல்பின் நிறம். 4000 நடுத்தரம். 6000, 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. எண் கூடக் கூட நிறம் குளிர்வது பலரைக் குழப்பும். கொல்லன் உலையில் இரும்பைப் பாருங்கள்: முதலில் சிவக்கும், சூடு ஏற ஏற மஞ்சளாகி வெளுக்கும். அதே கணக்குத்தான். அகல் விளக்கின் சுடர் ஏறக்குறைய 1900 கெல்வின். விளக்கு வரிசைக்குப் பக்கத்தில் கட்டுவதற்கு 2700 ஏன் பொருந்துகிறது, 6500 ஏன் முரண்டு பிடிக்கிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது, எனக்கு இன்றைக்கும் மனம் ஆறாத ஒன்று. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஆறு காம்பரா (வீடு), ஒரே கூரை, ஒரே நீள இஸ்தோப்பு. ஒரு வருடம் அவரவர் தனித்தனியாக லைட் வாங்கி வந்தோம். மூன்று வீடு மஞ்சள் வெளிச்சம், இரண்டு வீடு நீல வெள்ளை. ஒரு வீட்டில் போன வருட மாலையும் இந்த வருட மாலையும் கலந்து இரண்டுமாக. தனியாகப் பார்த்தால் எதுவும் மோசமில்லை. சேர்ந்து எரிந்தபோது மஞ்சள் மங்கிப் புகைபிடித்தாற் போலவும், வெள்ளை வெறித்தாற் போலவும் ஆகிவிட்டது. போனில் படம் எடுத்தால் இன்னும் மோசம். கேமரா ஒரு நிறத்தைத்தான் வெள்ளையாக எடுத்துக்கொள்ளும், அதனால் பாதிப் பேர் முகம் ஆரஞ்சு, பாதிப் பேர் முகம் நீலம். லயத்தில் இருப்பவர்கள் தயவு செய்து முன்கூட்டியே பேசி, ஒருவர் போய் எல்லா வீட்டுக்கும் ஒரே பெட்டி வகையாக வாங்கி வாருங்கள். ஒரே பெயரில் இருந்தாலும் கம்பனிக்குக் கம்பனி சாயல் மாறும்.

லைட்டை மட்டும் பார்ப்பதும் தவறு, அது எதன்மேல் விழப்போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளை எல்இடியின் உள்ளே இருப்பது நீல எல்இடிதான். அந்த நீல எல்இடியைச் சாத்தியமாக்கியதற்காக அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீலத்தின்மேல் மஞ்சள் பூச்சு பூசித்தான் வெள்ளை வருகிறது. மலிவான கூல் வைட்டில் சிவப்புப் பங்கு மிகவும் குறைவு. எங்கள் பூஜைத் தட்டை அந்த வெளிச்சத்தில் ஒருநாள் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். குங்குமம் காய்ந்த செங்கல் தூள் மாதிரி. செவ்வந்தி மாலையில் மஞ்சள் பச்சையோடியது. பித்தளைக் குத்துவிளக்கு ஈயம் பூசினாற் போல வெளுத்தது. அதே தட்டை வார்ம் வைட்டில் வைத்தேன். குங்குமம் குங்குமமாகத் தெரிந்தது. பித்தளை, மஞ்சள், சிவப்பு, மரம் இருக்கிற இடத்துக்கு வார்ம் வைட்தான் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

அதற்காகக் கூல் வைட் வேண்டாத பொருள் அல்ல. கிறிஸ்மஸ் குடிலில் பஞ்சுப் பனி, வெள்ளித் தோரணம், வாசலில் தொங்கும் வெள்ளைத் தாள் நட்சத்திரம், நீலம் பூசிய சுவர் இவற்றுக்கு அதுதான் அழகு. அங்கே வார்ம் வைட் போட்டால் பனி பழுப்பேறிவிடும். பச்சை இலைகளும் கூல் வைட்டில் துலக்கமாகத் தெரியும்.

மஞ்சள் வெளிச்சம் மூடுபனியைத் துளைக்கும் என்று நம்பி வார்ம் வைட் வாங்குபவர்களும் உண்டு. பனிமூட்டத்தின் நீர்த்துளி ஒளி அலையைவிடப் பல மடங்கு பெரியது. அது நீலம், மஞ்சள் என்று பார்க்காமல் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கும். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பாதையில் எரியும் லைட் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். மூட்டம் இறங்கினால் எந்த நிறமானாலும் மங்கிப்போகும். நமக்கு வித்தியாசப்படுவது உணர்வுதான். மூட்டத்தில் கூல் வைட் கண்ணைக் கூசவைக்கும் வெண்புகையாகப் பரவும், வார்ம் வைட் அடுப்புத் தணல் போல நிற்கும். குளிரில் நடுங்கிக்கொண்டு வீடு வருகிறவருக்கு எது வேண்டும் என்று யோசித்தால் போதும்.

கரண்ட் பில் கணக்கில் நிறத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரே வாட்டில் கூல் வைட் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் தரும் என்பது சரிதான். ஆனால் சில வாட்டே இழுக்கும் மாலையில் அது பில்லில் தெரியாது. மழை விட்ட இரவுகளில் வரும் ஈசலைப் பற்றி யோசிப்பது அதைவிடப் பயன்: நீலம் கூடிய வெளிச்சத்துக்குப் பூச்சிகள் அதிகம் வரும், பலகாரத் தட்டிலும் விழும்.

நிறம் சரியாகப் பார்த்து வாங்கிவிட்டு, வீட்டுக்குள் போடுகிற மாலையை வெளியே கட்டுவது எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. தூசியும் தண்ணீரும் எவ்வளவு உள்ளே போகாது என்பதை ஐபி எண் சொல்லும்: நம் ஊர் மழைக்குக் குறைந்தது ஐபி 44, நேரடியாக நனையும் இடமென்றால் ஐபி 65 என்று பெட்டியில் இருக்க வேண்டும். வயரைத் தகரத்தின் விளிம்பில் உரசவிட்டுக் கட்டவே கட்டாதீர்கள். காற்றில் ஆடி ஆடித் தோல் அறுந்தால் கூரை முழுக்கக் கரண்ட் பாயும், ஒரே கூரைக்கடியில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தகரத்துக்கு ஒரு சாண் கீழே மூங்கில் கழி கட்டி அதில் சுற்றுங்கள். பிளக் இருக்கிற இடம் நனையக் கூடாது. கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்திவிடும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

பண்டிகை முடிந்து மாலையைச் சுருட்டும்போது, பெட்டியில் கெல்வின் எண்ணும் கம்பனிப் பெயரும் இருக்கிற பக்கத்தை வெட்டி, மாலையோடு சேர்த்து பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். அடுத்த வருடம் இன்னொரு மாலை தேவைப்பட்டால் அந்த அட்டையைக் கடைக்காரரிடம் நீட்டினால் போதும்.