மெர்ஜில் தொலைந்த வரியைக் கிட் வரலாற்றில் தேடிப் பிடிப்பது எப்படி?

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி கிட். தனிக் கிளையில் சேர்த்த நிரல் வரி, மெர்ஜ் செய்த (இணைத்த) பிறகு முதன்மைக் கிளையான மெயினில் இல்லை. அதை நீக்கிய கமிட்டும் (பதிவான மாற்றமும்) அகப்படவில்லை. எங்கள் பில்லிங் நிரலில் ஜி.எஸ்.டி. தொகையை முழு ரூபாயாக்கும் ‘ரவுண்ட்_டேக்ஸ்’ என்ற நிரல் வரி இப்படித்தான் காணாமல் போனது. அதைக் கண்டுபிடித்த வழியை எழுதுகிறேன். கட்டளைகளை ஒலிப்படி தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

முதலில் வழக்கமான தேடல்:

கிட் லாக் -எஸ்'ரவுண்ட்_டேக்ஸ்'

எஸ் பெரிய எழுத்து. வரியைச் சேர்த்த கமிட் மட்டும் வரும். கான்ஃப்ளிக்ட்டைத் (இரு கிளைகளின் மாற்றங்கள் மோதுவதைத்) தீர்த்தவர் மெர்ஜிலேயே வரியை விட்டுவிட்டிருந்தால், இந்தத் தேடலுக்கு அது தெரியாது. மெர்ஜ் கமிட்டுகளின் வேறுபாட்டைக் கிட் லாக் இயல்பாகப் பார்ப்பதே இல்லை.

அடுத்து, அந்த வேறுபாட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்:

கிட் லாக் -எம் -பி -எஸ்'ரவுண்ட்_டேக்ஸ்'

சிறிய எம் சேர்த்தால் ஒவ்வொரு பெற்றோர் கமிட்டுடனும் (மெர்ஜில் இணைந்த ஒவ்வொரு தரப்பின் கடைசிக் கமிட்டுடனும்) தனித்தனியாக ஒப்பிடும். கமிட் எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘ஃப்ரம்’ என்று எந்தப் பெற்றோர் என்பதும் இருக்கும். நம் கிளையோடு ஒப்பிட்ட பகுதியில் அந்த வரிக்கு முன் கழித்தல் குறி நின்றால், தொலைந்த இடம் அதுவே. ஆனால் ஒழுங்காக நடந்த மெர்ஜ்களும் கூடவே வந்து குவியும்.

அதனால் நான் பரிந்துரைப்பது இதுதான்:

கிட் லாக் -பி --மெர்ஜஸ் --ரீமெர்ஜ்-டிஃப் -எஸ்'ரவுண்ட்_டேக்ஸ்'

2022 ஏப்ரலில் வந்த கிட் 2.36 முதல் இந்த வசதி உண்டு. இரண்டு பெற்றோரையும் கிட் தானே மறுபடி மெர்ஜ் செய்து, கிடைத்ததைப் பதிவான மெர்ஜுடன் ஒப்பிடுகிறது. கைபடாத மெர்ஜ்கள் தாமாகவே விலகிவிடும். மனிதர் மாற்றியது மட்டும் மிஞ்சும். கான்ஃப்ளிக்ட் குறிகளோடு இரு தரப்பு வரிகளும் தெரிவதால், என்ன தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் படித்துவிடலாம். வரலாற்றைப் படமாகக் காட்டும் கிட்கே இதற்கு உதவாது. அது மெர்ஜுக்குக் காட்டும் கூட்டு வேறுபாட்டில், ஒரு தரப்பை அப்படியே ஏற்றுக்கொண்ட இடங்கள் மறைந்துவிடும்.

கோப்பின் பெயரைக் கொடுத்துத் தேடுகிறவர்கள் --ஃபுல்-ஹிஸ்டரி சேர்க்க மறக்காதீர்கள். மெர்ஜின் முடிவில் அந்தக் கோப்பு ஒரு பெற்றோரிடம் இருந்தபடியே இருந்தால், கிட் அந்தப் பெற்றோரின் வழியில் மட்டும் போகும். நம் கிளை, வரியைச் சேர்த்த கமிட் உட்பட, பட்டியலிலிருந்தே விழுந்துவிடும்.

பின்சேர்க்கை: ரீமெர்ஜ் கட்டளை பிழை காட்டினால் பதிப்பைப் பாருங்கள். உபுண்டு 22.04 உடன் வருவது கிட் 2.34. கிட்-கோர் பி.பி.ஏ. (உபுண்டுவுக்கான கூடுதல் மென்பொருள் களஞ்சியம்) வழியாகப் புதியதை நிறுவிக்கொள்ளலாம். அதுவரை -எம் போதும்.