பைப் தேடும் கருவி: ரிசீவரைத் திட்டுவதற்கு முன்

செட்டிநாட்டு வீடுகளில் பல, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீளும் தரைக்கடியில் பைப் எங்கே போகிறது என்று குத்துமதிப்பாகத் தோண்டினால் ஆத்தங்குடி கல் பெயர்ந்துவிடும். கையால் செய்த பழைய கல்லுக்கு அதே நிறத்தில் ஜோடி கிடைப்பது லேசில்லை. அதனால் கடப்பாரைக்கு முன்னால் லொக்கேட்டரை (சிக்னல் ஏற்றும் டிரான்ஸ்மிட்டரும் அதைத் தேடும் ரிசீவரும் சேர்ந்த கருவி) எடுப்பது நல்ல பழக்கம். ஆனால் எல்லோருடைய கண்ணும் ரிசீவரிலேயே இருக்கிறது. தவறு பெரும்பாலும் டிரான்ஸ்மிட்டரை மாட்டும்போதே நடந்து முடிந்திருக்கும்.

டிரான்ஸ்மிட்டர் பைப்பில் ஒரு மாறுமின்னோட்டத்தை ஏற்றுகிறது. அதைச் சுற்றி எழும் காந்தப்புலத்தைத்தான் ரிசீவர் பிடிக்கிறது. ஏற்றிய மின்னோட்டம் மண் வழியாகத் திரும்பி வர வேண்டும். இங்கேதான் முதல் கோளாறு: எர்த் வயரைப் பக்கத்துத் தண்ணீர்க் குழாயிலோ வீட்டு எர்த்திலோ மாட்டிவிடுகிறார்கள். மின்னோட்டம் அதன் வழியே திரும்பும், அதுவும் சத்தம் கொடுக்கும், நீங்கள் அதன் பின்னாலேயே நடப்பீர்கள். எர்த் கம்பியைத் தேடும் பாதைக்குச் செங்குத்தாக, வயர் எட்டும் தூரத்துக்குத் தள்ளி, நடுவே வேறு பைப்போ கேபிளோ குறுக்கிடாத மண்ணில் அடியுங்கள். காரைக்குடிப் பக்கத்துச் செம்மண்ணும் சரளையும் கோடையில் காய்ந்து கிடக்கும். கம்பியைச் சுற்றி ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் மின்னோட்டம் கூடுவது டிரான்ஸ்மிட்டரிலேயே தெரியும்.

அடுத்தது, சிக்னல் குறைந்ததும் அதிர்வெண்ணை ஏற்றுவது. 33 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போக, சிக்னல் பக்கத்திலிருக்கும் கேபிளுக்கும் சுலபமாகத் தாவும். முதலில் 512 ஹெர்ட்ஸ், 8 கிலோஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அளவில் முயலுங்கள். மூட்டுகள் துருவேறிய பழைய ஜிஐ பைப்பில் மட்டும் உயர் அதிர்வெண் தேவைப்படலாம். (அரிமான ஆராய்ச்சிக்குப் பேர்போன மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் 1953 முதல் காரைக்குடியில்தான் இருக்கிறது. அதற்காக நம்மூர் பைப்புகள் துருப்பிடிக்காமல் இல்லை.)

டிரான்ஸ்மிட்டரை எங்கும் மாட்டாமல் தரையில் வைத்துத் தேடுகிறீர்களா? பெட்டியைப் பைப் போகும் திசைக்கு ஒத்தபடி வைத்து, குறைந்தது பத்து மீட்டராவது தள்ளி நின்று தேடுங்கள். அதற்குள் ரிசீவர் பிடிப்பது பைப்பை அல்ல, காற்று வழியாக நேரே வரும் பெட்டியின் சிக்னலை.

பிவிசி பைப்பில் மின்னோட்டம் ஓடாது. மணிக்கணக்கில் நடந்தாலும் பயனில்லை. உள்ளே ஒரு வயரை நுழைத்து அதில் சிக்னல் ஏற்ற வேண்டும்.

மின்சாரம் ஓடும் கேபிளில் டிரான்ஸ்மிட்டரின் கிளிப்பை நேரடியாக மாட்டவே கூடாது. மெயினை அணைத்து, டெஸ்டரால் உறுதி செய்த பிறகே தொட வேண்டும். அணைக்க முடியாத இடத்தில், கேபிளைச் சுற்றி மாட்டும் கிளாம்ப் வைக்கலாம். அதையும் தேர்ந்த எலக்ட்ரீசியனே செய்யட்டும்.

சரி, சிக்னல் உச்சத்துக்கு வந்துவிட்டது. உடனே சாக்பீஸால் கோடு போடாதீர்கள். உச்சம் காட்டும் இடமும், பைப்புக்கு நேர் மேலே சிக்னல் அறவே குறையும் ‘நல்’ (null) முறையில் காட்டும் இடமும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். விலகினால் பக்கத்தில் இன்னொரு லைன் புலத்தைக் கலைக்கிறது என்று பொருள். அங்கே காட்டும் ஆழத்தை நம்பாதீர்கள். வளைவுகளிலும் கிளை பிரியும் இடங்களிலும் இதே கதைதான். நேராகப் போகும் இடத்திலும் கருவி சொல்வது பைப்பின் நடு வரையுள்ள ஆழம், மேல்பரப்பு வரை அல்ல. ஆகவே அந்த அளவுக்கு வெகு முன்னதாகவே கடப்பாரையை வைத்துவிட்டு, கொத்தனார் கரண்டியால் மண்ணை மெதுவாகச் சுரண்டுங்கள்.