பழைய பைக் வேகத்தில் உதறுகிறதா? டேம்பர் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

பழைய பைக் எண்பதைத் தாண்டியதும் உதறுகிறது என்று சொன்னால் போதும், கோன் செட் (ஹேண்டில் திரும்பும் ஸ்டீயரிங் ஹெட்டின் பேரிங்) போயிருக்கும், மாற்று என்பார்கள். போயிருக்கலாம். ஆனால் உதறல் கையில் தெரிவதால் மட்டும் கோளாறு முன்பக்கம்தான் என்று ஆகிவிடாது, பின் சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்மின் புஷ் தேய்ந்தாலும் அது ஹேண்டிலில்தான் வந்து தெரியும். அதோடு முப்பது நாற்பது வருடம் ஓடிய வண்டியில் பெரிய கோளாறு ஒன்றே ஒன்று இருப்பது அபூர்வம். டயரில் கொஞ்சம், பேரிங்கில் கொஞ்சம், புஷ்ஷில் கொஞ்சம் என்று நாலைந்து இடத்துத் தளர்வு சேர்ந்துதான் ஆட்டமாக வெளிப்படும்.

முதலில் எந்த ஆட்டம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஹேண்டில் மட்டும் விநாடிக்கு சுமார் 4 முதல் 10 தடவை இடமும் வலமும் உதறினால் அது வாபிள். வண்டி மொத்தமும் மெதுவாக, விநாடிக்கு 2 முதல் 4 தடவை, மீன் நீந்துவது போல நெளிந்தால் அது வீவ். வாபிள் என்றால் முன் டயர், பேலன்ஸ், ஸ்டீயரிங் ஹெட், ஃபோர்க் என்று தேடலாம். வீவ் பெரும்பாலும் பின்னாலிருந்து வருவது: சுவிங் ஆர்ம், ஷாக், பின் டயர், கேரியரில் ஏற்றிய சுமை. ஆக்சிலரேட்டரைக் குறைக்கும்போது வருகிறதா, நீண்ட வளைவில் வருகிறதா, பெட்டி மாட்டியிருந்தால் மட்டும் வருகிறதா, இதையெல்லாம் குறித்து வையுங்கள். தயவுசெய்து இதைக் கண்டுபிடிக்க ஓடும் வண்டியில் கையை விட்டுப் பார்க்காதீர்கள். தானாக ஆட்டம் வந்துவிட்டால் முன் பிரேக்கை இறுக்கிப் பிடிக்காமல், முழங்காலால் டேங்கை அணைத்து, உடம்பை முன்னால் சாய்த்து, ஆக்சிலரேட்டரை மெல்லக் குறையுங்கள். ஹேண்டிலோடு மல்லுக்கட்டினால் உதறல் கூடத்தான் செய்யும்.

சரி, இப்போது வண்டிக்கு வருவோம். டயரிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் இதற்குச் செலவே இல்லை. டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பாருங்கள். பக்கச் சுவரில் இருக்கும் நாலு இலக்கத் தேதியையும் படியுங்கள், 3214 என்றால் 2014-ஆம் வருடம் 32-ஆவது வாரம் செய்தது. பட்டன் நிறைய இருக்கிறது என்று பழைய டயரை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மாற்றுகிறவர்கள் உண்டு. ரப்பர் இறுகிப்போனால் பட்டன் இருந்து பயனில்லை. பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கிறதா, முன் டயரில் மேடு பள்ளம் விழுந்திருக்கிறதா என்று கையால் தடவுங்கள். ரிம்மை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு ஓடும், அது சுற்றிலும் ஒரே இடைவெளியில் இல்லாவிட்டால் டயர் சரியாக உட்காரவில்லை.

அப்புறம் செண்டர் ஸ்டாண்ட் போட்டு, ஃபோர்க்கில் ஒரு கம்பியைக் கட்டி அதன் முனையை ரிம்முக்கு ஒட்டி நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றுங்கள், கோட்டம் கண்ணுக்குத் தெரியும். 2 மில்லிமீட்டருக்கு மேல் போனால் பெண்டு எடுக்க வேண்டும். ஸ்போக்குகளைச் சின்ன ஸ்பேனரால் தட்டிக்கொண்டே வாருங்கள், கணீரென்று கேட்காமல் மொத்தென்று கேட்பது தளர்ந்தது.

ஸ்டீயரிங் ஹெட்டை நிதானமாகப் பார்க்க வேண்டும். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். 'டொக்' என்று தட்டினால் எங்கே தட்டுகிறது என்று தெரிய வேண்டும், இன்னொருவரை இழுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் ஃபிரேமும் கீழ் யோக்கும் (ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடிக்கும் பாகம்) சந்திக்கும் இடத்தில் விரலை வையுங்கள். அசைவு அங்கே இருந்தால் கோன் செட், அங்கே ஒன்றும் இல்லாமல் கீழே மட்டும் ஆடினால் ஃபோர்க் புஷ். அடுத்து ஹேண்டிலை மிக மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் லேசாக விழுந்து பிடித்துக்கொண்டால் பேரிங் குண்டுகள் உருளும் ரேஸில் குழி விழுந்திருக்கிறது, அதை இறுக்கிச் சரி செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். அளவுக்கு மீறி இறுக்குவதும் தப்பு, நடுவிலிருந்து லேசாகத் தட்டினால் ஹேண்டில் தானாகப் பக்கத்தில் சாய வேண்டும். சாயாவிட்டால் வண்டி நேராகப் போகாமல் அலையும்.

பின்னால் வாருங்கள். சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினால் வீல் பேரிங் தெரிந்துவிடும். சுவிங் ஆர்முக்கு இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் கழற்றிவிட்டு, அதன் பின் முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். ஷாக் மாட்டியிருக்கும்போது தெரியாத ஆட்டம் இப்போது தெரியும். எழுபதுகளின் ஜப்பான் வண்டிகள் பலவற்றில் இங்கே பிளாஸ்டிக் புஷ்தான், தேய்ந்திருந்தால் வெண்கலப் புஷ் போடுவது நல்லது. 1967-இல் வெளிவந்த நார்ட்டன் கமாண்டோ தனி ரகம்: எஞ்சின், கியர்பாக்ஸ், சுவிங் ஆர்ம் மூன்றும் ஒரே தொகுதியாக ஐசோலாஸ்டிக் ரப்பர் மவுண்டில் நிற்கும். அதில் பக்கவாட்டு இடைவெளி அங்குலத்தில் 0.010 என்ற அளவைத் தாண்டிப் போகப் போகப் பின் சக்கரம் தன் இஷ்டத்துக்கு நெளியும்.

செயின் அட்ஜஸ்டர் கோடுகளை நம்பிச் சக்கரத்தை நேராக்காதீர்கள், பழைய வண்டியில் அவை பெரும்பாலும் பொய் சொல்லும். பின் டயரைச் சுற்றி இரண்டு பக்கமும் நூலை முன்னால் இழுத்துப் பிடித்து, முன் டயருக்கு இரு புறமும் ஒரே இடைவெளி வருகிறதா என்று பாருங்கள். எஞ்சின் மவுண்ட் போல்ட்டுகளை இறுக்குங்கள். ஸ்டீயரிங் ஹெட்டைச் சுற்றியுள்ள வெல்டிங்கைத் துடைத்துப் பாருங்கள், பெயின்ட்டில் மெல்லிய துருக்கோடு ஓடினால் அது விரிசலாக இருக்கலாம், அதோடு ஓட்டவே கூடாது.

எதை மாற்றினாலும் ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் அதே சாலையில், அதே சுமையோடு ஓட்டிப் பாருங்கள், இல்லாவிட்டால் எது சரியானது என்றே தெரியாது. ஹேண்டில் உதறலை அடக்க மாட்டும் ஸ்டீயரிங் டேம்பர் கடைசியில்தான். தளர்ந்த வண்டியில் அதை மாட்டினால் உதறல் அடங்கிய மாதிரி இருக்கும், உள்ளே தேய்மானம் போய்க்கொண்டே இருக்கும், அப்புறம் அது திரும்ப வரும்போது நீங்கள் முன்பைவிட அதிக வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள்.