மனந்திரும்புதலும் விசுவாசமும்: அன்றாட வாழ்வில் கடைப்பிடிப்பது எப்படி?

"மனந்திரும்பி, சுவிசேஷத்தை விசுவாசியுங்கள்" (மாற்கு 1:15) என்று இயேசு கலிலேயாவில் பிரசங்கிக்கத் தொடங்கியபோது, இரண்டு கட்டளைகளையும் சேர்த்தே கொடுத்தார். நம்மில் பலரோ முதலாவதை எப்போதோ ஒரு கூட்டத்தில் சிந்திய கண்ணீராகவும், இரண்டாவதை ஞாயிறுதோறும் ஆலயத்தில் சொல்லும் விசுவாசப்பிரமாணமாகவும் பிரித்து வைத்திருக்கிறோம்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான 'மெட்டனோயா' மனம் மாறுவதைக் குறிக்கிறது. எபிரேயச் சொல்லான 'ஷூப்' திரும்பி வருவதைக் குறிக்கிறது. தமிழ்ச் சொல்லில் இரண்டும் ஒருங்கே அமைந்திருப்பதை நான் ஒரு பேறாகவே கருதுகிறேன். திரும்புகிறவன் யாரை நோக்கித் திரும்புகிறான் என்ற கேள்விக்கு விடையாக நிற்பதே விசுவாசம். இயேசுவை 30 வெள்ளிக்காசுக்குக் காட்டிக்கொடுத்த யூதாசும் மனஸ்தாபப்பட்டான் என்று மத்தேயு 27:3 சொல்கிறது. அவன் பாவத்தை வாய்விட்டு ஒப்புக்கொண்டான், அந்தக் காசையும் திருப்பிக் கொடுத்தான், ஆனால் அவன் போனது இயேசுவிடம் அல்ல, பிரதான ஆசாரியரிடத்திற்கு. இயேசுவை மூன்று முறை மறுதலித்து மனங்கசந்து அழுத சீஷன் பேதுருவோ, பின்னொரு நாள் கரையில் நிற்பவர் உயிர்த்தெழுந்த கர்த்தர் என்று கேட்டவுடன், படகு கரை சேரும்வரை பொறுக்காமல் கடலில் குதித்து அவரிடம் போனான்.

ஆகவே தொடங்கும்போதே, உங்கள் ஜெபத்தைக் கேட்கிறவர் யார் என்பதை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். சங்கீதம் 51-ஐ மெதுவாக வாசியுங்கள். தாவீது தன் பாவத்தைச் சொல்வதற்கு முன்பே, "தேவனே, உமது கிருபையின்படி எனக்கு இரங்கும்" என்று தேவனுடைய கிருபையைப் பற்றிக்கொள்வதைக் கவனியுங்கள்.

அதன்பின் பாவத்தை அதன் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். "நான் கோபக்காரன், ஆண்டவரே" என்பது யாருக்கும் வலிக்காத அறிக்கை. "நேற்று இரவு அம்மா பரிமாறிக்கொண்டிருக்கும்போதே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன், அவர் அதன்பின் சாப்பிடவில்லை என்று தெரிந்தும் கதவைச் சாத்திக்கொண்டேன்" என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், கை தயங்கும். அந்தத் தயக்கத்தைத் தாண்டி எழுதி முடிப்பதே அறிக்கை. "ஆனால் அவரும் அப்படிப் பேசினாரே" என்று ஒரு வரி சேர்ந்திருந்தால் அதை அடித்துவிடுங்கள்.

அடுத்தது ஈடுசெய்தல். ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே ஆழமாக இருப்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. தன் குற்றத்தை அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பது மோசேயின் நியாயப்பிரமாணம் (எண்ணாகமம் 5:7). வரி வசூலிப்பவனான சகேயுவோ, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்துகிறேன் என்றான். ஆஸ்தியில் பாதியையும் ஏழைகளுக்குக் கொடுக்க முன்வந்தான். மன்னிப்பை விலைகொடுத்து வாங்குவதற்காக அவன் அப்படிச் செய்யவில்லை. இயேசு தானாகவே அவன் வீட்டிற்கு வந்த மகிழ்ச்சியே அவன் கையைத் திறந்தது. அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரித்தபோது மறைத்த தொகையோ, கடைக்காரர் தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்த மீதிச் சில்லறையோ, இன்னும் உங்களிடம் இருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள். நாம் உண்மையைச் சொல்வதால் மூன்றாவது ஒருவர் காயப்படக்கூடும் என்றால் மட்டும், அவசரப்படாமல் முதிர்ச்சியுள்ள ஒரு போதகரிடமோ குருவானவரிடமோ முதலில் பேசுங்கள்.

இவ்வளவும் செய்தபின்னும் மன்னிக்கப்பட்டோம் என்ற உணர்வு வராமல் போகலாம். அதற்காக மேலும் அழுது முயற்சி செய்ய வேண்டாம். "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்" அவர் மன்னிப்பதற்கு "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்று 1 யோவான் 1:9 சொல்வது அவருடைய குணத்தைப் பற்றியது. நம் உணர்வை விட்டு அந்தக் குணத்தின்மேல் சாய்வதுதான் இங்கே விசுவாசத்தின் வேலை.

அதே கோபத்தில் மறுபடியும் விழுந்தால் அன்றிரவே திரும்ப வாருங்கள், வாரக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். 1517-ல் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட 95 கருத்துரைகளில் முதலாவதே, விசுவாசிகளின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். சொல்ல வார்த்தை வராத இரவுகளில், தன் மகனுக்காக இயேசுவிடம் கண்ணீரோடு கெஞ்சிய அந்தத் தகப்பனின் ஜெபத்தையே சொல்லுங்கள்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" (மாற்கு 9:24). பிறகு எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, காலையில் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.