செர்ரோ நெக்ரோவில் சறுக்கும் முன் அட்லாண்டிஸ் மணலில் பழகுங்கள்

மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவின் செர்ரோ நெக்ரோ எரிமலை உச்சியிலிருந்து பலகையில் உட்கார்ந்து சறுக்கி இறங்க ஓரிரு நிமிடம் போதும். அதற்காக டர்பனிலிருந்தும் ஜோஹானஸ்பர்க்கிலிருந்தும் கடல் தாண்டிப் போகிறவர்கள், பலகையை முதன்முதலாகத் தொடுவதே அந்த உச்சியில்தான் என்றால், இறங்குகிற நேரம் முழுவதும் காலை ஊன்றி ஊன்றியே கழிந்துவிடும். தென்னாப்பிரிக்காவிலேயே பழகிக்கொள்ள இடம் இருக்கிறது: அட்லாண்டிஸ் மணல்மேடுகள். ஆனால் மணல் சொல்லித் தருவது பாதிப் பாடம்தான். மீதிப் பாதியில் மணல் பழக்கத்தை மறக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மேல்மலையும் எரிமலைக் குழம்பு உறைந்ததுதானே, அங்கே சறுக்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அது சுமார் 18 கோடி ஆண்டுப் பழைய இறுகிய பாறை. ரீயூனியன் தீவின் பிட்டோன் டி லா ஃபூர்னேஸ் இன்னும் உயிருள்ள எரிமலை, ஆனாலும் அதன் சரிவுகளில் பெரும்பகுதி கத்திபோல் கூரான உறைந்த குழம்பு. மொரீஷியஸின் ட்ரூ ஓ செர்ஃப் எரிமலை வாய் மரம் மூடிக் கிடக்கிறது. சறுக்குவதற்கு வேண்டியது வயது குறைந்த, மரம் முளைக்காத, இறுகாத சரளைக் குவியல். செர்ரோ நெக்ரோ 1850இல்தான் பிறந்தது. கடைசியாக வெடித்தது 1999இல். கடல் மட்டத்திலிருந்து 728 மீட்டர் உயரம். கிழக்கிலிருந்து வீசும் காற்று பொடிச் சாம்பலையும் சிறு சரளையையும் மேற்கே தள்ளிவிடுகிறது. அதனால் ஏறுகிற பக்கத்தில் பெருங்கற்கள், சறுக்குகிற மேற்குப் பக்கத்தில் சிறு சரளை.

மணலில் என்ன பழக வேண்டும்

கேப் டவுனுக்கு வடக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் அட்லாண்டிஸ் மணல்மேடுகள் இருக்கின்றன. நகராட்சியின் அனுமதிச் சீட்டு இல்லாமல் போகக் கூடாது. கேப் பக்கம் குளிர்காலத்தில் (ஜூன் முதல் ஆகஸ்ட் வரை) மழை. ஈர மணல் பலகையைப் பிடித்துக்கொள்ளும். நவம்பரில் தொடங்கினால் மணல் காய்ந்திருக்கும், நிகரகுவாவிலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை இல்லாத காலம். இரண்டும் பொருந்திவருகின்றன. காற்று எழும் முன், காலையிலேயே முடித்துவிடுங்கள். அங்கே ஃபோர் பை ஃபோர் வண்டிகளும் குவாட் பைக்குகளும் ஓடும். மேட்டுக்கு அந்தப் பக்கம் வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொல்ல ஒருவரை உச்சியில் நிறுத்தாமல் சறுக்காதீர்கள்.

நின்றுகொண்டு சறுக்கும் பலகை வேண்டாம். செர்ரோ நெக்ரோவில் அநேகமாக எல்லோரும் உட்கார்ந்துதான் இறங்குகிறார்கள். நின்றால் சரளை பலகையை இழுத்துப் பிடிக்கும். வேகமும் வராது, விழுவதும் அதிகம். ஆகவே உட்காரும் பலகையில் மூன்று விஷயங்களைப் பழகுங்கள்.

முதலாவது, உட்காருமிடம். பலகையின் பின்பாதியில் உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, அதில் கட்டியிருக்கும் கயிற்றை இடுப்புப் பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். முன்புறம் கனம் கூடினால் பலகையின் மூக்கு புதைந்துவிடும். பலகை நின்றுவிடும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். இரண்டாவது, திருப்புவது. வலது பாதத்தைத் தரையில் லேசாகத் தேய்த்தால் வலப்பக்கம் திரும்பும், இடதைத் தேய்த்தால் இடப்பக்கம். மூன்றாவது வேகத்தைக் குறைப்பது, பெரும்பாலோர் தவறுவது இதில்தான். குதிகால் இரண்டையும் ஒரேயடியாகக் குத்தினால் உடம்பு முன்னால் தூக்கி எறியப்படும். பாதத்தைத் தட்டையாக வைத்து, வலது இடது என்று மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தபடி தட்டினால் வேகம் குறையும். பின்னால் சாய்ந்து பாதங்களைப் பலகைமேல் எடுத்து வைத்தால் கூடும். கண்ணை மூடிக்கொண்டு செய்யுமளவு பழகும்வரை சின்ன மேட்டிலேயே இருங்கள். இருபது முப்பது தடவை ஏறி இறங்கினால் கால் தானாகவே வேலை செய்யத் தொடங்கும்.

எதை மறக்க வேண்டும்

மணலில் பலகையின் அடிப்பக்கம் மெழுகு தேய்ப்பார்கள். வீட்டு மெழுகுவத்தியே போதும். எரிமலையில் மெழுகு தேய்த்தால் சரளைத் தூள் அதில் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள்போல் ஆகிவிடும். அங்கே பலகையின் அடியில் சன்மைக்காவோ உலோகத் தகடோ அடித்திருப்பார்கள். வெறும் மரம் நாலு தடவையில் செதில் செதிலாகக் கிளம்பிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. பலகையை வாங்கியதும் திருப்பிப் பாருங்கள். தகட்டின் விளிம்பு எழும்பியிருந்தாலோ, கயிறு கட்டிய ஓட்டை பிய்ந்திருந்தாலோ, காலை முட்டுக்கொடுக்கும் குறுக்குக் கட்டை ஆடினாலோ வேறு பலகை கேளுங்கள். உச்சிக்குப் போன பிறகு மாற்ற முடியாது.

மணலில் கையைப் பின்னால் ஊன்றித் திருப்பலாம். சரளையில் கையைத் தரையில் வைக்கவே கூடாது. கையுறையையும் தாண்டித் தோல் உரியும். மணலில் வெறுங்கால் சுகம். அங்கே கணுக்காலை மூடும் பூட்ஸ், முழுக்கால் சட்டை, முழுக்கை சட்டை. இவற்றுக்கு மேலே ஏற்பாட்டாளர்கள் தடித்த தொழிலாளர் உடுப்பு ஒன்றும், மூடிய கண்ணாடியும் கொடுப்பார்கள். வாய் மூக்கை மறைக்க ஒரு துணி நீங்களே கொண்டு போங்கள். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே போடக்கூடிய பெரிய கண்ணாடியைக் கேட்டு வாங்குவது நல்லது.

மலையில்

தலைநகர் மனாகுவாவிலிருந்து லியோன் நகரம் சுமார் 90 கிலோமீட்டர். லியோனிலிருந்து மண்சாலையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அமெரிக்கா வழியாகப் போகும் தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு விமானம் மாறுவதற்கே விசா வேண்டும்; சீட்டு எடுக்கும் முன் இதைப் பாருங்கள். டிரோன் கொண்டு போனால் விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்துவிடுவார்கள். பயணக் காப்புறுதியில் சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருக்கிறதா என்று அந்தப் பிரிவைத் தேடிப் படியுங்கள், முகப்பு அட்டையை நம்பாதீர்கள்.

ஏறுவதற்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். கறுப்புத் தரையில் வெயில் இரட்டிப்பாகத் தெரியும், நிழல் கிடையாது. காலையிலோ பிற்பகல் கடைசியிலோ போகும் குழுவில் சேர்ந்து, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். பலகையை நீங்களேதான் தூக்க வேண்டும். காவடி தூக்கிப் பழகிய தோளுக்குக் கனம் பெரிதாகத் தெரியாது. தொல்லை காற்றுதான். உச்சி வரப்பில் பலகை பாய்மரம்போல் காற்றை வாங்கும், அதனால் அங்கே தலைக்கு மேலே தூக்காமல் உடம்போடு சேர்த்து அணைத்துப் பிடியுங்கள். வாய்ப்பள்ளத்தின் ஓரத்தில் கந்தக நெடியும் ஆவியும் வரும், தரையைச் சற்றுக் கிளறினாலே சுடும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பைக்குள் போடாமல் சட்டைப் பையில் வைக்கட்டும்.

சரிவின் விளிம்பிலிருந்து பார்த்தால் அடிவாரம் தெரியாது. முன்னால் போனவர் இறங்கிச் சறுக்குப் பாதையை விட்டு விலகிவிட்டார் என்ற சைகை வந்த பிறகே கிளம்புங்கள். முதல் பத்து மீட்டரில் பாதத்தைத் தட்டியபடியே போய், பலகை நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். கோணலாக ஓடினால் உடனே நிறுத்தி, எழுந்து, திருத்தி உட்காருங்கள். வேகம் பிடித்த பிறகு கோணலைத் திருத்தப் போனால்தான் உருளுவீர்கள். வாயை மூடிக்கொள்ளுங்கள். கத்தத் தோன்றும், கத்தினால் வாய் நிறையச் சரளை.

மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டியவர்கள் உண்டு. முதல் தடவைக்கு அதில் பாதியே அதிகம். கீழே வரவர வேகத்தைக் குறையுங்கள், தானாக நிற்கும் என்று விடாதீர்கள். பெரிய கற்கள் உருண்டு போய் அடிவாரத்தில்தான் சேரும். 2002இல் எரிக் பரோன் என்ற பிரெஞ்சுக்காரர் இதே மலையில் சைக்கிளில் மணிக்கு 172 கிலோமீட்டர் தொட்டார். சைக்கிள் உடைந்து எலும்பு முறிந்தது.

கவிழப் போகிறது என்று தெரிந்தால் கயிற்றை விட்டுவிடுங்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டே விழுகிறவரைப் பலகை சுழன்று வந்து அடிக்கும். கையை ஊன்றாமல் மார்போடு மடக்கி, பக்கவாட்டில் உருளுங்கள்.

சிராய்ப்பு பட்டால் வெறுமனே துணியால் துடைக்கக் கூடாது, நிறையச் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். சோப்பு போட்டு மெதுவாகத் தேய்த்து, கறுப்புத் துகள் ஒன்றும் மிஞ்சாமல் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். உள்ளே தங்கிவிட்ட துகள் பச்சை குத்தியதுபோல் தோலில் நிரந்தரமாக நின்றுவிடும். கையால் எடுக்க முடியாத அளவு புதைந்திருந்தால் லியோனிலேயே மருத்துவரைப் பாருங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்பதை ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே பார்த்து வைத்திருங்கள்.